பாவிலு சொன்ன எண்ணெய்

மகன்,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் உன் காரைப் பற்றி யோசித்தேன், இரண்டாம் தரம் உன்னைப் பற்றி. கார் சூடேறிய பிறகு சந்தியில் நிற்கும்போது எண்ணெய் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக மினுங்கி மினுங்கி அணைகிறது என்று இரண்டே இரண்டு வரி. அந்தக் காரைத் திருத்தியவன் கள்ளன் என்று இரண்டு பக்கம். புது ஒயில் விட்டேன் என்று சொல்லிப் பழையதையே விட்டிருக்கிறானாம். உனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் இதைச் சொல்லி, அவன் கராஜ் வாசலில் ஒரு வாகனமும் நிற்காமல் செய்யப்போகிறாயாம். வருகிற மாதம் உனக்குக் கலியாணம், அதற்கு முன்னமே முடித்துவிடுவாயாம். எதையாவது அளந்து பார்த்ததாக ஒரு சொல் இல்லை. ஆளை முதலில் பிடித்துவிட்டுக் குற்றத்தைப் பிறகு தேடுகிறாய். இந்தக் குணம் உன் அம்மாவின் பக்கத்தில் ஒருவருக்கும் கிடையாது. ஆகவே எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் தொலைபேசியில் ஏசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் காரின் விஷயம். எஞ்சினில் எண்ணெய் இருப்பதும் எண்ணெய் அமுக்கம் இருப்பதும் ஒன்றல்ல. பம்பி எண்ணெயைத் தள்ள மட்டுமே செய்யும். தள்ளுப்பட்ட எண்ணெய், சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பெயறிங்குக்கும் நடுவிலுள்ள தலைமயிரளவு இடைவெளிக்குள்ளால் புகுந்து போகப் படுகிற பாடு இருக்கிறதே, அதுதான் அமுக்கம். எண்ணெய் தடிப்பாகவும் இடைவெளி சிறிதாகவும் இருந்தால் அமுக்கமானியின் முள் உயர்ந்து நிற்கும். எண்ணெய் ஐதாகித் தண்ணீர்போல ஆகிவிட்டால், அல்லது இடைவெளி தேய்ந்து அகன்றுவிட்டால், பம்பி எவ்வளவு தள்ளினாலும் தடுப்பார் இல்லாமல் எல்லாம் ஓடிவிடும், முள் விழும். பிறகு இரும்பை இரும்பு தின்னும். உன் காரில் முள் இல்லை, விளக்கு மட்டும்தான். அந்த விளக்கு அமுக்கம் அநேகமாக இல்லாமற்போன பிறகே எரியும். சிலவேளை அதன் சுவிச்சே பழுதாகிப் பொய்யும் சொல்லும். ஆகவே சுவிச்சைக் கழற்றி, அந்த ஓட்டையில் உண்மையான அமுக்கமானி ஒன்றைப் பூட்டி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு எத்தனை இறாத்தல் அமுக்கம் காட்டுகிறது என்று பார். அதுவரை காரை ஓட்டாதே. எண்ணெய் மட்டம் காட்டும் கோலை இழுத்துப் பார், மணந்து பார், விரலில் தேய்த்துப் பார். ஆளைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

அந்த மனிதனை நம்பு என்று நான் எழுதவில்லை. நானே மனிதரை எளிதில் நம்புகிறவன் இல்லை. இன்றைக்கும் ஒயில் கான் வாங்கினால் மூடி முன்னமே உடைக்கப்பட்டதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவன்தான். ஆனால் சந்தேகப்படுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அதை நான் பிழையாகச் செய்த கதையை நீ கேள்விப்பட்டதில்லை. உன் அம்மாவுக்குத் தெரியும். எங்கள் தீவில், ஊர்காவற்றுறையில், பாதிப்பேருக்குத் தெரிந்திருந்தது.

நீ அப்போது தவழ்கிற பிள்ளை. எண்பத்தேழின் தொடக்கம். எனக்கு இருபத்தேழு வயது. தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார்ப் பொறித்துறை படித்து முடித்தவன், தீவில் எனக்குத் தெரியாத எஞ்சின் இல்லை என்று நினைத்திருந்தவன். எங்கள் கரம்பொன் வீட்டில் ஒரு பழைய ஏ-40 கார் நின்றது, என் தகப்பனார் விட்டுப்போனது. அதை ஊர்காவற்றுறைத் துறையிலிருந்து வேலணை வழியாகக் குறிகட்டுவான் வரை வாடகைக்கு விட்டிருந்தேன். காரைநகர்ப் பக்கத்திலிருந்து வள்ளத்தில் வந்து இறங்கும் சனம் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போக அதில் ஏறும். பஸ் வருமென்று காத்திருந்தால் விடியும். காரை ஓட்டியவர் பாவிலு. ஊர்காவற்றுறைக் கரையில் பிறந்து கடலில் தொழில் செய்த மனிதர், என்னைவிடப் பதினைந்து வயது மூப்பு. கடலுக்குப் போகக் கடற்படையின் தடை வந்த பிறகு, கரையோரத்தில் வலை போடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் சும்மா இருக்க ஏலாமல் என்னிடம் வந்தவர். அவருக்குச் சொந்தமாக எஞ்சின் பூட்டிய வள்ளம் ஒன்று இருந்தது. அதைவிட முக்கியமான ஒன்றும் அவரிடம் இருந்தது: கடற்றொழிலாளர் சங்கத்துக்குக் கிடைக்கும் மண்ணெண்ணெய்ப் பீப்பாவின் சாவி. அந்த நாட்களில் ஒரு பீப்பா மண்ணெண்ணெய் என்றால் நாற்பது குடும்பத்தின் விளக்கும் தொழிலும். சங்கம் கூடி, வேறு ஒருவரையும் சொல்லாமல், சாவியை இவர் கையில் கொடுத்திருந்தது. அவரிடம் இருந்த பெரிய சொத்து அதுதான். வீடு ஓலை வீடு.

அந்த வருடம் அரசாங்கத்தின் தடையால் பெற்றோல் வருவது நின்றுபோனது. தீவில் ஓடிய கார்களெல்லாம் மண்ணெண்ணெய்க்கு மாறின. ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்து, அதில் எஞ்சினைத் தொடக்கி, சூடேறியதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு விடுவோம். பின்னால் வெள்ளைப் புகை, உள்ளே இருப்பவர்களுக்குக் கண்ணீர். ஓடியது, அதுவே போதும். இரண்டு கிழமை போக, முள் விழத் தொடங்கியது. வழக்கமாகச் சூட்டில் ஐம்பது இறாத்தல் காட்டும் முள், நாற்பதுக்கு வந்தது, முப்பதுக்கு வந்தது. ஒருநாள் பாவிலு காரைக் கொண்டுவந்து விட்டுவிட்டுச் சொன்னார்:

“தம்பி, எண்ணெய் கீழை இறங்குது. ஒயிலை ஒருக்கா மாத்தினால் நல்லது.”

நான் கோலை இழுத்துப் பார்த்தேன். எண்ணெய் இறங்கியிருக்கவில்லை. நிறைகோட்டுக்கும் மேலே நின்றது. இது முதலாவது சந்தேகம். கோலை மணந்து பார்த்தேன், மண்ணெண்ணெய் மணந்தது. விரலில் தேய்த்தேன், வழுக்கவில்லை. இது இரண்டாவது. அப்போது ஒயில் என்பது பெற்றோலைவிட அருமை. நான் நாலு கலன் நல்ல ஒயிலை அலுமாரி நின்ற அறையில் பூட்டி வைத்திருந்தேன், அது பாவிலுவுக்குத் தெரியும். மாற்றினால் நல்லது என்று அவர் சொன்னது மூன்றாவது சந்தேகம். மூன்றையும் வைத்து நான் ஒரே நிமிடத்தில் வழக்கை முடித்துவிட்டேன். என் நல்ல ஒயிலை இந்த மனிதர் தன் வள்ளத்து எஞ்சினுக்கு எடுக்கிறார், அளவு குறையாமல் தெரிய மண்ணெண்ணெயை ஊற்றி நிரப்புகிறார், புது ஒயிலும் கேட்கிறார். தீவில் இதைவிடப் பொருத்தமான கள்ளன் எனக்குக் கிடைத்திருக்கமாட்டான்: வள்ளம் இருக்கிறது, எஞ்சின் இருக்கிறது, மண்ணெண்ணெய்ப் பீப்பாவே கையில் இருக்கிறது.

படித்தவன் அல்லவா, பொறி வைத்தேன். கோலில் அரத்தால் ஒரு சின்னக் கோடு கீறினேன். காருக்கு அடியில் படுத்து, எண்ணெய் இறக்கும் ஆணியைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசினேன். யாராவது ஆணியைத் திருப்பினால் சுண்ணாம்பு வெடிக்கும், தெரிந்துவிடும். நாலு நாள் கழித்துப் பார்த்தேன். எண்ணெய் என் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தது, மண்ணெண்ணெய் மணம் கூடியிருந்தது. சுண்ணாம்பு பூசினபடியே இருந்தது. மகன், இந்த இடத்தில் ஒழுங்கான மூளை உள்ளவன் என்ன நினைக்கவேண்டும்? ஆணியை யாரும் தொடவில்லை என்று நினைக்கவேண்டும். நான் நினைத்தது, ஆள் நான் எதிர்பார்த்ததைவிடக் கெட்டிக்காரன், கோல் விடுகிற ஓட்டைக்குள்ளால் குழாய் விட்டு உறிஞ்சியிருக்கிறான் என்று. பாவிலுவிடம் பீப்பாவிலிருந்து மண்ணெண்ணெய் உறிஞ்சுகிற றப்பர்க் குழாய் ஒன்று இருந்ததும் உடனே நினைவுக்கு வந்தது. சந்தேகம் பிடித்தவனுக்கு எதிர்ச்சாட்சி என்று ஒன்று கிடையாது. எல்லாம் அவன் பக்கத்துச் சாட்சிதான்.

அடுத்த நாள் காலையில் துறைக்குப் போனேன். வள்ளம் வந்து சனம் இறங்கிக்கொண்டிருந்தது. கரையில் தொழிலாளர் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். பாவிலு காருக்குப் பக்கத்தில் நின்று ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரச்சொல்லிக் கேட்டிருக்கலாம். நான் பொனற்றைத் திறந்து, கோலை இழுத்து, அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

“பாவிலு, இதை மணந்து பாரும்.”

“மண்ணெண்ணெய் தம்பி.”

“இது எப்பிடி இதுக்குள்ளை வந்தது?”

“நான்தானே அண்டைக்கே சொன்னனான், எண்ணெய் கீழை இறங்குதெண்டு.”

“எங்கை இறங்குது? கண் தெரியேல்லையோ? கோட்டுக்கு மேலை ஏறி நிக்குது!”

“ஓம் தம்பி, அதைத்தான் நானும் சொல்லுறன். இறங்கினபடியால்தானே ஏறியிருக்கு.”

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். “இறங்கினபடியாலை ஏறினதாம், கேட்டியளோ!” என்றாள் கூடையோடு நின்ற ஒருத்தி. அவர் என்னை வைத்துப் பகிடி பண்ணுகிறார் என்று நினைத்தேன். என் ஒயிலை உறிஞ்சி எடுத்துவிட்டு மண்ணெண்ணெயை ஊற்றி வைத்திருக்கிறீர், உம்முடைய வள்ளம் ஓடுவது என் ஒயிலில் என்று சத்தம்போட்டுச் சொன்னேன். அதோடு விட்டேனா? “சங்கத்துப் பீப்பாவையும் ஒருக்கா ஆராவது அளந்து பாருங்கோ” என்றும் சொன்னேன். அது எனக்குத் தேவையே இல்லாத வசனம். கோபத்தில் வந்ததும் இல்லை. வாதத்துக்கு வலுச்சேர்க்கச் சொன்னது.

பாவிலு கையைத் துடைத்து, கார்ச் சாவியை எடுத்து, பொனற்றின்மேல் வைத்தார்.

“சரி, ஐயா. கார் உங்கடை, கோல் உங்கடை, படிப்பு உங்கடை. எவ்வளவு ஒயில் களவு போனதெண்டு ஆரும் என்னைக் கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது? அதையும் அளந்து சொல்லிவிடுங்கோ.”

தம்பி என்று கூப்பிட்ட மனிதர் ஐயா என்றார். அந்த மரியாதை எனக்கு அப்போது வெற்றியாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றாள்.

“அவர் எடுத்ததை நீங்கள் கண்டனீங்களோ?”

“காணத் தேவையில்லை. எல்லாம் பொருந்துது.”

“சுண்ணாம்பு அழியேல்லை எண்டு நேற்றுச் சொன்னியள்.”

“குழாய் விட்டு மேலாலை உறிஞ்சலாம்.”

“மேலாலை உறிஞ்சலாமெண்டு தெரிஞ்சால், பிறகேன் கீழை போய்ச் சுண்ணாம்பு பூசினனீங்கள்?”

நான் பூட்டு ஒன்றைத் தேடினேன். அது அவளுக்குக் காட்டுவதற்காக. பொனற்றுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை அரைநாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். எண்ணெயை முழுவதும் இறக்கி, என் நாலு கலனிலிருந்து புது ஒயில் விட்டேன். காரை நானே ஓட்டினேன். இனி என்னையும் எஞ்சினையும் தவிர யாருமில்லை. முதல் நாள் முள் ஐம்பதில் நின்றபோது, பார்த்தாயா என்று உன் அம்மாவிடம் சொன்னேன். ஐந்தாம் நாள் முள் நாற்பதுக்கு வந்தது. எட்டாம் நாள் புங்குடுதீவுப் பாலத்தின் நடுவில், எட்டுப்பேரை ஏற்றிக்கொண்டு போகும்போது, முப்பதுக்குக் கீழே வந்தது. குறிகட்டுவானில் ஆட்களை இறக்கிவிட்டு, பூட்டைத் திறந்து, கோலை இழுத்தேன். எண்ணெய் என் கோட்டுக்கு மேலே நின்றது. மண்ணெண்ணெய் மணந்தது. சாவி என் அரையில்தான் கிடந்தது.

அந்த இடத்திலேயே காரின் படியில் உட்கார்ந்துவிட்டேன். எஞ்சினுக்குள் போகும் மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல முழுக்க ஆவியாகி எரிவதில்லை. எரியாத மிச்சம் சிலிண்டர்ச் சுவரைக் கழுவிக்கொண்டு, பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி, கீழே எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கிவிடுகிறது. இறங்க இறங்க அளவு ஏறும். ஏற ஏற எண்ணெய் ஐதாகும், அமுக்கம் விழும். இது புத்தகத்தில் இல்லாத விஷயமும் அல்ல. எரிபொருள் கசிந்து எண்ணெய் ஐதாவதைப் பற்றி என் பாடப் புத்தகத்தில் அரைப்பக்கம் இருந்தது. வீட்டுக்குப் போய் எடுத்துப் பார்த்தேன், சிவப்புப் பேனாவால் கோடும் போட்டிருந்தேன். பரீட்சைக்கு. ஒரு கள்ளன் கைக்குக் கிடைத்துவிட்டால் படித்ததைத் தேடுகிற பொறுமை யாருக்கு இருக்கும்? எனக்கு இருக்கவில்லை.

அடுத்த நாள் பாவிலுவைத் தேடிப் போனேன். வள்ளத்தைக் கரையில் ஏற்றி வைத்து, எஞ்சினைத் திறந்து, எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார். கறுத்து மெலிந்த எண்ணெய் ஒரு தகரத்துக்குள் விழுந்துகொண்டிருந்தது. நான் கதையைத் தொடங்குவதற்கு முன்னமே அது எனக்குப் பதில் சொல்லிவிட்டது.

“வாங்கோ ஐயா. என்ன, கோல் ஏறிப்போட்டுதோ?”

“உமக்கு இது முந்தியே தெரியும்.”

“மண்ணெண்ணெயிலை எஞ்சின் ஓடுறவனுக்குத் தெரியாமல் என்ன? பத்து நாளைக்கு ஒருக்காக் கோல் ஏறும். ஏறினால் மாத்துவம். மாத்த ஒயில் இல்லாட்டி ஓடாமல் விடுவம்.”

“அப்ப அதை விளக்கமாய்ச் சொல்லியிருக்கலாமே! ஒயில் இறங்குதெண்டெல்லோ நீர் சொன்னனீர்?”

பாவிலு நிமிர்ந்து பார்த்தார். “நான் ஒயிலைச் சொல்லேல்லையே. எண்ணெய் எண்டு சொன்னனான். எண்ணெய் எண்டால் மண்ணெண்ணெய். ஒயில் எண்டால் ஒயில். உங்களுக்குத்தான் ரெண்டும் எண்ணெய்.”

மகன், எனக்குத் தமிழில் படித்த திமிர் ஒன்று இருந்தது. ஊரெல்லாம் ஒயில் என்று சொல்ல, எஞ்சினுக்குள் நிற்பதை நான் மட்டும் எண்ணெய் என்பேன், எண்ணெய் அமுக்கம் என்பேன். இந்தக் கடிதத்திலும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், பழக்கம் போகாது. கரையில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் சரியான நோயைச் சரியான நாளில் சரியான மருந்தோடு சொன்னார். நான் என் சொல்லை அவர் வாயில் வைத்துக் கேட்டேன். என்ன பொருளில் சொல்லுகிறீர் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் துறைக்கே போயிருக்கமாட்டேன்.

“பிழை விட்டிட்டன்” என்றேன்.

“எங்கை விட்டனீங்கள்?”

“என்ன?”

“பிழையை எங்கை நிண்டு விட்டனீங்கள் எண்டு கேக்கிறன். துறையிலை. இஞ்சை ஆர் நிக்கினம்? நானும் நாலு நண்டும். எங்களுக்குச் சொல்லி என்ன காணப்போறியள்?” பிறகு தகரத்தைத் தள்ளி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார். “பீப்பாச் சாவி இப்ப என்னட்டை இல்லை. நீங்கள் சத்தம்போட்ட அண்டைக்குப் பின்னேரமே வந்து வாங்கிக்கொண்டு போட்டினம்.”

நான் நேரே சங்கத் தலைவரிடம் போனேன். பெரிய வலைக்காரர், சுருக்கமாகக் கதைக்கிற மனிதர். நடந்ததை முழுவதும் அமுக்கம், ஆவியாதல், பிஸ்ரன் வளையம் என்று விளக்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“உது எங்களுக்குத் தெரியாதெண்டோ நினைச்சனீர்? துறையிலை நிண்ட அத்தனை பேருக்கும் தெரியும். உமக்குத்தான் தெரியேல்லை.”

“அப்ப ஏன் சாவியை வாங்கினனீங்கள்?”

“அவன் எடுத்தவனெண்டு ஒருத்தரும் நம்பேல்லை. ஆனால் எடுத்தவனெண்டு ஒருக்காச் சொல்லுப்பட்டுப் போச்சு. இனிப் பீப்பாவிலை அரைப் போத்தல் குறைஞ்சாலும் அவன்ரை தலையிலைதான் விழும். அவன்ரை பிள்ளையளைக் கேப்பினம். அவனைக் காப்பாத்தத்தான் வாங்கினனாங்கள். நீர் வந்து பிஸ்ரன் கதை சொல்லி அதைத் திருப்ப ஏலாது.”

“என்ன செய்தால் திருப்பலாம்?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என்னில் அவருக்கு இருந்த சந்தேகத்தை நான் குறைசொல்ல ஏலாது. “உம்மடை காருக்கு வைச்சிருக்கிற மண்ணெண்ணெய் எவ்வளவு இருந்தாலும் அவ்வளவையும் கொண்டுவாரும். ஞாயிறு பூசை முடிய, எல்லாரும் நிக்கேக்கை, அவன்ரை கையிலை குடும். அளக்காமல் குடும். அவன் அளந்து சொல்லுறதுதான் கணக்கு. உம்மடை சாமானை அவனிட்டை நீர் அளக்காமல் விடுறீரெண்டால், பிறகு ஊர் என்னத்தைச் சொல்லுறது?”

ஓம் என்றேன்.

காரின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். ஐதான எண்ணெயில் ஓடிய அந்த நாட்களில் அதன் பெரிய பெயறிங்குகள் தேய்ந்துவிட்டன. குளிரில் தொடக்கினால் உள்ளே யாரோ கதவைத் தட்டுவதுபோலத் தட்டும். பிறகு எத்தனை தரம் ஒயில் மாற்றியும் முள் முப்பத்தைந்துக்கு மேலே ஏறவில்லை. பாவிலு சொன்ன அன்றே மாற்றியிருந்தால் தப்பியிருக்கும். அவர் அந்தக் காரை மறுபடி ஓட்டவில்லை. நான் கேட்கவும் இல்லை. தொண்ணூறில் நாங்கள் எல்லோரும் தீவை விட்டு வெளிக்கிட்டபோது கார் கரம்பொன் வளவிலேயே நின்றது. உனக்கு அப்போது நாலு வயது, கார் வரவில்லையா என்று கேட்டு அழுதாய்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அன்று காலை மண்ணெண்ணெய்க் கானை வெளியே எடுத்து வைத்துவிட்டுச் சட்டை மாற்றப் போனேன். திரும்பி வந்தபோது கால் கோயில் பக்கம் போகவில்லை. வளவில் ஒரு பூவரசங் கம்பை முறித்து, தோலை உரித்து, கானுக்குள் விட்டு எடுத்து, ஈரம் ஏறிய உயரத்தைக் கையால் பிடித்துக் கணக்குப் பார்த்தேன். இருபத்துமூன்று போத்தல். ஏன் செய்தேன் என்று கேட்காதே. அவர்மேல் எனக்கு அப்போது ஒரு துளி சந்தேகமும் இல்லை. ஆனாலும் அளந்தேன். உன் அம்மா கிணற்றடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அளக்கிறியளோ?”

“சும்மா.”

“சும்மா அளக்கிற ஆளை இண்டைக்குத்தான் கண்டனான்.”

வேதக் கோயில் வளவில் பூசை முடிந்து சனம் நின்றது. பீப்பா வைத்திருந்த கொட்டிலின் கதவைத் திறந்து விட்டிருந்தார்கள். நான் கானைத் தூக்கிக்கொண்டு போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, துறையில் நான் சொன்னது முழுப்பிழை, பாவிலு என் காரிலிருந்து ஒரு துளி எடுத்தவரல்ல, பீப்பாவைப் பற்றிச் சொன்னதும் பொய், இது என்னிடமுள்ள மண்ணெண்ணெய் முழுவதும், எவ்வளவு என்று நான் அளக்கவில்லை என்று சொன்னேன். கடைசி வசனத்தைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தளர்ந்தது. அதை ஒருவர் மட்டும் கவனித்திருக்கவேண்டும்.

பாவிலு கானை வாங்கிப் போத்தல் போத்தலாக அளந்து பீப்பாவுக்குள் ஊற்றினார். ஒவ்வொன்றையும் சத்தமாக எண்ணினார். பத்து. பதினைந்து. இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு. அதோடு கானைக் கீழே வைத்து மூடியை இறுக்கினார்.

“இருபத்திரண்டு போத்தல். சரியோ ஐயா?”

என் உடம்பு முழுக்க அந்த ஒரு போத்தல் ஓடியது. இருபத்துமூன்று அல்லவா இருந்தது? கம்பில் பிடித்த இடம் விரலில் இன்னும் இருந்தது. வாய் திறந்தேவிட்டது. சொல் நாக்கில் வந்து நின்றது. சொன்னால், அளக்கவில்லை என்று சனத்துக்கு முன்னால் சொன்ன வாயால் சொல்லவேண்டும். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாவிலு கானைப் பார்க்கவில்லை, பீப்பாவைப் பார்க்கவில்லை, என் முகத்தை மட்டும் பார்த்தார். “சரி” என்றேன்.

அவர் மெல்லக் குனிந்து, மூடியைத் திருப்பித் திறந்து, கானை நன்றாகச் சரித்து, அடியில் நின்றதை இன்னொரு போத்தலுக்குள் ஊற்றினார். கழுத்துவரை நிறைந்தது.

“அடியிலை கொஞ்சம் கிடந்திருக்கு. இருபத்திமூண்டு!” என்று சனத்துக்குச் சொன்னார். தலைவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். பாவிலு அதை வாங்கிக் கழுத்தில் கிடந்த கயிற்றில் கோத்தார். பிறகு வெறுங்கானை என்னிடம் நீட்டும்போது, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்:

“வீட்டிலை அளந்துபோட்டுத்தான் வந்தனீங்கள், என்ன?”

“ஓம்.”

“ஒண்டு குறையேக்கை பிறகேன் வாயை மூடிக்கொண்டு நிண்டனீங்கள்?”

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது உனக்குச் சொல்கிறேன். நம்பிக்கையால் அல்ல, மகன். வெட்கத்தால். அவர் என்னைப் பிடித்துவிட்டார் என்பது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அதை அவர் சனத்துக்கு முன்னால் எடுத்து நீட்டவில்லை. நான் துறையில் நின்று நீட்டியதுபோல நீட்டியிருக்கலாம். அதற்கான உரிமையும் அவருக்கு இருந்தது.

நீ உன் அமுக்கமானியைப் பூட்டிப் பார்த்துவிட்டு, அந்த மனிதனிடம் தனியாகப் போய்க் கேள். அவன் சொல்லுகிற சொல் விளங்காவிட்டால் அவன் என்ன பொருளில் சொல்லுகிறான் என்றும் கேள். அவன் உண்மையிலேயே கள்ளனாக இருக்கலாம், இருந்தால் அப்போதும் தெரியவரும். அதுவரைக்கும் அவனை நம்ப உனக்கு ஏலாவிட்டால், நம்பவேண்டாம். வெட்கப்பட்டாவது வாயை மூடிக்கொண்டு நில்.

அப்பா